அனுமதிப்பத்திரத்துக்கு நான் கொடுத்த தண்ணீர்

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்புடன் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். ரகரம் எது, காலெழுத்து எது என்று சில இடங்களில் எனக்கே தெரியாது. மகள் பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்தித் தந்தாள். சொற்களைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓரிடத்தில் மட்டும் பேனையை நிறுத்தி, "வாப்பா, இது கொஞ்சம் மோசமா இரிக்கே, எடுத்துடவா?" என்று கேட்டாள். எடுக்க வேண்டாம் என்றேன். அந்த ஓரிடத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன்.

நான் கூட்டத்தில் பேசுகிறவன் அல்லன். கலியாண வீடுகளில் பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சோற்றுச் சஹன் வைக்கும்போது ஓரத்தில் உட்காருவேன். இறைச்சி என் பக்கம் வராவிட்டாலும் கேட்கமாட்டேன். பள்ளிவாசலில் தொழும்போதும் கடைசி வரிசை. நான் பேசாமல் இருப்பதை ஊரில் நல்ல குணம் என்று சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு வருடங்கள் நான் வேலை செய்த வளவு ஊரின் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. பழைய பெட்டரிகளையும் கழிவு ஒயிலையும் சேர்த்து வைக்கும் இடம். சம்மாந்துறை டிரக்டர்களின் பெட்டரி, பாலமுனைப் படகு இஞ்சின்களின் கறுத்த ஒயில், எங்கள் ஊர்க் கராஜ்களில் மிஞ்சுவது எல்லாம் அங்கே வரும். பெட்டரிகளைத் தகரக் கூரைக்குக் கீழே அடுக்குவதும், ஒயிலைப் பெரல்களில் ஊற்றி மூடுவதும், மாதம் ஒரு தடவை கொழும்புப் பக்கமிருந்து வரும் லொறியில் ஏற்றுவதும் என் வேலை. வெடித்த பெட்டரிகளிலிருந்து அசிட் கசியும். சீமெந்துத் தரையில் நீளமாக ஒரு கீறல் விழுந்திருந்தது. அதற்குக் கீழே வெறும் கடல் மணல். எங்கள் பக்கத்தில் பத்தடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். மேலே சிந்துவது கீழே போய்ச் சேர நெடுநாள் எடுக்காது.

நான் சேர்ந்து ஐந்தாறு வருடம் கழித்து, இப்படி ஓர் இடம் நடத்த அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று வந்தது. அபாயகரமான கழிவுகளைச் சேர்த்து வைப்பதற்கானது என்று அதன் தலைப்பில் இருக்கும். நாங்கள் பெர்மிட் என்போம். கண்ணாடிச் சட்டம் போட்டு முதலாளியின் மேசைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். வருடம் முடியும்போது அதைப் புதுப்பிக்க வேண்டும். அரசாங்கத்தின் சுற்றாடல் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். வளவின் மூலையில் கொங்கிறீட் கொட்டு வளையங்கள் இறக்கிய சிறிய கிணறு ஒன்று உண்டு. அது குடிப்பதற்கல்ல. நிலத்தடித் தண்ணீர் கெடுகிறதா என்று பார்ப்பதற்காகவே, கந்தோர் சொல்லித் தோண்டியது. அதிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து, மூடி முத்திரை ஒட்டி, பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தண்ணீர் நல்லதென்று அறிக்கை வந்தால் பெர்மிட் இன்னொரு வருடம் ஓடும்.

அந்த வளவில் நான் தண்ணீர் குடித்ததில்லை. ஆரம்பத்தில் ஒருநாள் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நாக்கில் துருப்பிடித்த ஆணியை வைத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வீட்டுத் தண்ணீரைத்தான் கொண்டுபோனேன். வீடு என்றால் மனைவியின் வீடு. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் அங்கே போய்ச் சேர வேண்டும். வீடும் அவளுடையது, கிணறும் அவளுடையது. அக்கம்பக்கத்தார் தேத்தண்ணிக்கு அங்கே வந்துதான் அள்ளுவார்கள். அவ்வளவு நல்ல தண்ணீர். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு வெள்ளைக் கேனில் அதை நிரப்பிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன். ஆகவே, இனிச் சொல்லப்போவதை வாசிக்கும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். வளவுத் தண்ணீர் கெட்டது என்று எனக்குத் தெரியும்.

முதல் முறை உத்தியோகத்தர் வருவதாகக் கடிதம் வந்தது. நாளும் குறித்திருந்தது. இரண்டு நாள் வளவு கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது. கறை படிந்த இடங்களில் வெள்ளை மணல் கொட்டிப் பரப்பினேன். பெரல்களைத் துடைத்தேன். மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். முதலாளியின் வீட்டிலிருந்து நாட்டுக்கோழி ஆணமும் புரியாணியும் தயிர்ச் சட்டியும் வந்தன. உத்தியோகத்தர் நடுப்பகல் தாண்டி வந்தார். காலையிலிருந்து இரண்டு ஊர் பார்த்துவிட்டு வந்தவர், களைத்துப்போயிருந்தார்.

"தண்ணி எடுத்துட்டு இரிக்கிறன் முதலாளி. இல்லாட்டி நேரம் போயிடும்," என்றார்.

"சேர், வந்தவங்கள வெறும் வயித்தோட வேல வாங்கினா எங்களுக்கு என்ன மரியாத? முதல்ல கைய நனைங்க. போத்தல் நிரப்பிறதுக்கு ஆள் இரிக்கி." முதலாளி என்னைப் பார்த்தார். என்னைவிட வயதில் இளையவர், அதனால் எப்போதும் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். "காக்கா, சேர்ட போத்தல வாங்கி அந்த மூலக் கிணத்துல நிரப்பிக் கொண்டாங்க."

உத்தியோகத்தர் போத்தலைத் தந்து, "நல்லாக் கழுவிட்டு நிரப்புங்க," என்றார்.

நான் வாளியை இறக்கி அள்ளினேன். தண்ணீர் மஞ்சளாக வந்தது. மேலே ஒயில் படர்ந்து வெயிலில் நிறம் நிறமாக மினுங்கியது. போத்தலில் ஊற்றித் தூக்கிப் பார்த்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் வீடுகளில் வந்தவருக்குக் கலங்கல் தண்ணீர் கொடுத்தால் அது அந்த வீட்டுக்கே குறை. இது கந்தோருக்குப் போகிற தண்ணீர். பெரிய ஆட்கள் பார்க்கப்போகிற தண்ணீர். போத்தலில் முதலாளியின் பெயர் வேறு ஒட்டியிருக்கிறது. இதை எப்படிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பது என்று நினைத்தேன். ஊற்றிவிட்டேன். மூன்று தரம் அலசினேன். மரத்தடியில் வைத்திருந்த என் கேனைச் சரித்து, கழுத்துவரை நிரப்பி, சாரத்தின் நுனியால் வெளிப்பக்கத்தைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உத்தியோகத்தர் இடக்கையால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலக்கையில் சோறு இருந்தது. "கண்ணாடி மாதிரித் தண்ணி," என்றார்.

எனக்குள்ளே ஒரு சந்தோஷம். குறை வராமல் காரியம் செய்துவிட்டேன் என்ற சந்தோஷம். அதை நினைத்தால் இன்றைக்குக் காது சுடுகிறது.

அறிக்கை வந்த அன்று முதலாளி அதை இரண்டு தரம் வாசித்தார். "காக்கா, எல்லாம் நல்லமாம். குடிக்கவே ஏலுமாம். இது அந்தக் கிணத்துத் தண்ணிதானா?"

"இல்ல முதலாளி. அது கலங்கலா இரிந்திச்சி. சேருக்கு எப்படிக் குடுக்கிற எண்டு என்ட கேன்லிருந்து ஊத்தின."

முதலாளி அறிக்கையைக் கீழே வைத்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் என்னவென்று விளங்காமல் கூடச் சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத வேற ஆருக்கும் சொல்ல வேணாம், காக்கா," என்றார். நான் வாசலுக்குப் போன பிறகு கூப்பிட்டு, "அடுத்த வருசமும் கேனக் கொண்டாங்க," என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதல் போத்தல் என் மடத்தனம். அதற்குப் பிறகு கொடுத்த நான்கு போத்தல்களுக்கு நான் சாட்டுச் சொல்ல ஏலாது.

முதலாளி கெட்ட மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் மனைவிக்கு வயிற்றில் ஒப்பரேசன் நடந்தபோது தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய், விடியச் சுபஹ் வரைக்கும் ஆஸ்பத்திரி மர வாங்கில் என்னோடு உட்கார்ந்திருந்தவர். உத்தியோகத்தர்களும் கெட்டவர்கள் அல்லர். ஒருவர் மாறி இன்னொருவர் வந்தார். கடிதம் வரும், நாள் குறிப்பார்கள், பசியோடு வருவார்கள், சாப்பாடு இருக்கும், போத்தல் என் கைக்கு வரும். எல்லாம் மரியாதையாகவே நடந்தது. நான் கேனைச் சரிக்கும் நேரத்தில் உள்ளே தயிருக்குச் சீனி போதுமா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம், அக்கா முறை வைத்து நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் ஒருவரின் வீடு. புருசன் மவுத்தாகி, விதவையாகி நெடுங்காலம். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து ஒரு மகளை வளர்த்தவர். நான் காலையில் வளவைத் திறக்கும்போது அவருடைய அடுப்பின் ஆவி மதிலுக்கு மேலால் வரும். சில நாட்களில் மதிலின் உடைந்த இடத்தால் ஒரு பார்சலும் வரும். "தம்பி, இந்தா. ஒடஞ்ச இடியப்பம், விக்க ஏலா. தின்னு." பிரித்துப் பார்த்தால் ஒன்றும் உடைந்திருக்காது. சம்பலும் தனியாகச் சுற்றி வைத்திருப்பார்.

மூன்றாவது போத்தல் போன வருடம் அவருடைய கிணறு மாறியது. வேலியோரத்து மருதோண்டிச் செடி முதலில் பட்டுப்போனது. தேத்தண்ணி ஊற்றினால் மை போலக் கறுத்தது. கையெல்லாம் அரித்துக் கடித்தது. வெள்ளை இடியப்பம் சாம்பல் நிறமாகியது. அவர் பள்ளிவாசல் நிருவாகத்திடம் போய், பெட்டரி வளவால்தான் தன் கிணறு கெட்டது என்று முறைப்பாடு சொன்னார்.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியின் பக்க மண்டபத்தில் விசாரித்தார்கள். முதலாளியின் பைலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பைலுக்குள் மூன்று வருட அறிக்கைகளும் இருந்தன. நிருவாகத்தில் மூத்தவர் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தார்.

"வளவுக்குள்ள இரிக்கிற கிணறே நல்லம் எண்டு அரசாங்கம் எழுதியிரிக்கி. மறுகா எப்படி மதிலுக்கு அங்கால கெடும்?" என்றார்.

"ராத்தா, முதல்ல ஒங்கட கக்கூஸ் குழியப் பாருங்க," என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தார்கள்.

ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். "கக்கூஸ் குழி நாப்பது வருசமா அங்கதான் இரிக்கி. அதுல இப்பதான் ஒயில் ஊறுதாக்கும்?"

சிரித்தவர்கள் அடங்கினார்கள். ஆனால் கடதாசி மூன்று இருந்தது, ராத்தா ஒருவர்தான் இருந்தார். ஒரு மனிதரின் தொழிலின் மேல் இல்லாத பழி போட்டது குற்றம் என்று முடிவு சொன்னார்கள். அவர் எழும்பி, முதலாளியைப் பார்க்காமல், "தெரியாமச் சொல்லிட்டன். மன்னிச்சிக்கொள்ளுங்க," என்றார். முதலாளியும் அவரைப் பார்க்கவில்லை.

நான் செருப்புகள் கிடக்கும் இடத்தில் பைலோடு நின்றேன். ராத்தா வெளியே வந்தவர் என்னைக் கண்டு நின்றார். என்னிடம் ஒன்று கேட்டார். நான் பதில் சொன்னேன். அதை இந்த இடத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசியில் எழுதுகிறேன்.

தன் கிணறு கெட்டது என்று தானே பள்ளியில் சொன்ன பெண்ணின் இடியப்பத்தை எந்தக் கடைக்காரர் வாங்குவார்? ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். கிணறு நல்லது என்று சொன்ன அதே ஆட்களும் வாங்கவில்லை. ஒரு மாதம் போனபின் ராத்தா இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடத்தில் தண்ணீர் சுமந்தார். காலையில் மதிலுக்கு மேலால் ஆவி வருவது நின்றது. அதற்குப் பிறகும் நான் இரண்டு போத்தல்கள் நிரப்பிக் கொடுத்தேன்.

ஆறாவது முறை கடிதம் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் வளவின் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றியவர் ஓர் இளம் பெண். பெரியநீலாவணைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, கந்தோருக்குப் புதிதாக வந்த உத்தியோகத்தர். வெள்ளை மணல் இல்லை. சுண்ணாம்பு இல்லை. முதலாளி சேர்ட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"மிஸ், வாற எண்டு கடிதம் ஒண்டும் வரல்லியே?"

"இனி வராது ஐயா. பெர்மிட் புதுப்பிக்கிற முறைய மாத்தப்போறம். சொல்லாமத்தான் வருவம்."

"அப்ப இரிங்க, தேத்தண்ணியாவது…"

"முதல்ல தண்ணி எடுப்பம். தேத்தண்ணி பிறகு."

பையிலிருந்து போத்தலை எடுத்தார். பழக்கத்தில் நான் கையை நீட்டிவிட்டேன். "இல்ல ஐயா, நானே எடுக்கிறன்," என்று என்னைத் தாண்டிப் போனார். நீட்டிய கை அப்படியே நின்றது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் வாளியை இறக்கி, அள்ளி, மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார். போத்தலை நிரப்பினார். மூடி முத்திரை ஒட்டினார். இன்னொரு போத்தலை எடுத்துக்கொண்டு ராத்தாவின் வீட்டுக்குப் போனார். என் கேன் மரத்தடியில் இருந்தது. அது ஏதோ வாய் திறந்து பேசிவிடும் போல, நான் போய் அதன் முன்னால் நின்றுகொண்டேன்.

சில வாரங்களில் கூட்டம் வைத்தார்கள். இப்படியான இடங்களின் பெர்மிட்டை இனி எப்படிப் புதுப்பிப்பது என்று ஊராரிடம் கேட்பதற்கான கூட்டம். நூல்நிலையத்திலும் பள்ளியிலும் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். முதலாளி என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். ராத்தா பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தார்.

மிஸ் முதலில் எங்கள் வளவைப் பற்றிச் சொன்னார். இரண்டு கிணற்றிலும் தண்ணீர் கெட்டிருக்கிறது. வளவுத் தரைதான் காரணம் என்று உறுதியானால், தரையைக் கிளறிப் புதிதாகப் போட வேண்டும், ராத்தாவின் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், அதுவரை அவருக்குக் குடிதண்ணீர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெர்மிட் கிடைக்காது.

முதலாளி பைலோடு எழும்பினார். "மிஸ், இந்தா அஞ்சு வருசத்து ரிப்போட். ஒங்கட கந்தோர் தந்ததுதான். அஞ்சு வருசமா நல்லாரிந்த தண்ணி ஒரே மாரியில இப்படிக் கெடுமா? வெள்ளத்தோட எங்கேயோ இருந்து வந்திரிக்கி. என்னக் கேட்டா, அந்தப் பக்கத்துக் கிணத்திலிருந்துதான் எங்கட கிணத்துக்கு வந்திரிக்கி."

மிஸ் அறிக்கைகளைப் புரட்டினார். "ஓம், இதுகள் இருக்கிற வரைக்கும் வளவுதான் காரணம் எண்டு என்னால எழுத ஏலாது," என்றார். பிறகு எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: "பழைய முறையில என்ன பிழை நடந்த எண்டு தெரிஞ்சாத்தான் புது முறையச் சரியா எழுதலாம். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க. வேலை செய்யிற ஆக்களும் சொல்லலாம்."

அந்த மண்டபத்தில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். போத்தலை வேறொருவர் கையில் கொடுக்காதீர்கள் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். நான் எழும்பவில்லை.

ராத்தா எழும்பினார். "கிட்டத்தட்ட மூணு வருசத்துக்கு முந்தி நான் சொன்னன். பள்ளியில என்ன மன்னிப்புக் கேக்க வெச்சாங்க. இப்ப ஒங்கட போத்தலும் நான் சொன்னதத்தான் சொல்லுது. அப்ப அந்தப் பழைய தண்ணி எங்க இரிந்து வந்த, மிஸ்?"

முதலாளி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன்.

"வாயால சொல்ல ஏலாத ஆக்கள் எழுதித் தரலாம்," என்றார் மிஸ். "பதினாலு நாள் இருக்கு. நேர என்ட கையில தாங்க. முதலாளிமாருக்கு ஊடாக வரத் தேவல்ல."

அடுத்த நாள் மனைவி கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "என்ன, முகம் ஒரு மாதிரி?" என்று கேட்டாள். சொன்னேன். ஐந்து போத்தலையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இது என்ட உம்மா எனக்குத் தந்த கிணறு. ஊரெல்லாம் அள்ளிக் குடிச்சி எங்களுக்காகத் துஆக் கேக்கிற தண்ணி. இத அள்ளிக்கொண்டுபோய் ஒரு பொம்புளட வாய அடைக்கவா குடுத்த நீங்க?"

"சொன்னா வேல போயிடும்."

"போகட்டும். நீங்க சும்மா இரிந்தா எனக்கு இந்தத் தண்ணி தொண்டையால இறங்காது."

"ஆக்களுக்கு முன்னால எனக்குக் கதைக்க ஏலா. ஒனக்குத் தெரியும்தானே."

"அந்தப் புள்ள எழுதித் தரச் சொல்லித்தானே இரிக்கி?"

"என்ட எழுத்து…"

"ஒங்கட எழுத்தப் பாத்து ஆரும் பொண்ணு தரவா போறாங்க? எழுதுங்க." மீனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

நான்கு கடதாசி கிழித்தேன். ஐந்தாவதில் ஒரு பக்கம் வந்தது. போத்தல், கேன், சாப்பாடு, முதலாளியின் சிரிப்பு எல்லாம் எழுதினேன். பதினாலாவது நாள் கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஸ் நின்றபடியே வாசிக்கத் தொடங்கி, பாதியில் உட்கார்ந்துகொண்டார்.

"இதால உங்களுக்கும் பிழை வரலாம். தெரியுமா ஐயா?"

"ஓம் மிஸ்."

"அந்தக் கேன எங்க வைக்கிற நீங்க?"

"மரத்தடியில. எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் வீட்டிலிருந்து தண்ணி கொண்டு வாறீங்க எண்டு ஒருத்தரும் கேக்கல்லையா?"

"இல்ல மிஸ். அவங்க சாப்பிட்டுக்கொண்டிருந்த."

அவர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பிறகு புதிய முறையின் கடதாசியைப் பள்ளியில் ஒட்டினார்கள். மாதிரித் தண்ணீரை உத்தியோகத்தர் தன் கையாலேயே எடுக்க வேண்டும். எடுத்து முடியும் வரை அந்த இடத்தில் எதுவும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. பக்கத்து வீட்டுக் கிணறுகளையும் பார்க்க வேண்டும். வேலையாட்கள் எங்கிருந்து தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர்கள் அந்தக் கடைசி வரியை வாசித்துவிட்டு, நல்ல யோசனைதான் என்றார்கள். நான் சனத்துக்குப் பின்னால் நின்றேன். என் குற்றத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது அந்த வரி.

முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. "முகத்துக்கு நேர எனக்குச் சொல்லியிரிக்கலாமே, காக்கா," என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் கழித்து, "நான் சிரிச்சதையும் எழுதியிரிக்கீங்க," என்றார். எனக்கு அவர் முகத்தில் முழிக்க ஏலவில்லை. நானாகவே நின்றுவிட்டேன். இப்போது ஒரு கராஜில் சில்லறை வேலை செய்கிறேன். வளவுத் தரையை உடைத்துப் புதிதாகப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ராத்தாவின் வாசலில் தண்ணீர் பவுசர் லொறி நிற்பதைச் சைக்கிளில் போகும்போது ஒருநாள் கண்டேன். இறங்கிக் கதைக்கத் துணிவில்லை. வேகமாக மிதித்துப் போய்விட்டேன்.

அவரே வந்தார். பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு, நான் சாப்பிட்டு எழும்பிய நேரம். கையில் நான் கந்தோருக்கு எழுதியதன் போட்டோப் பிரதி. முறைப்பாடு சொன்னவர் பைலைப் பார்க்கலாம் என்பதும் புதிய முறையில் உண்டு. என் மனைவி, "வாங்க ராத்தா, இரிங்க," என்று கதிரையை இழுத்துப் போட்டு, வீட்டுக்கு யார் வந்தாலும் செய்வது போல உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

ராத்தா கிளாஸை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "இதுதானா அந்தத் தண்ணி?"

மனைவிக்கு முகம் செத்துவிட்டது. "ஓம் ராத்தா," என்றாள்.

பிஸ்மி சொல்லிக் கடைசித் துளிவரை குடித்தார். "நல்ல தண்ணிதான். ரிப்போட்டுல பொய்யில்ல," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "ரெண்டு தரம் வாசிச்சன் தம்பி. எல்லாம் இரிக்கி. அண்டைக்குப் பள்ளி வாசல்ல, செருப்புக் கழட்டுற இடத்துல, நான் ஒன்னக் கேட்டனே. அதுக்கு நீ சொன்ன பதிலக் காணல்ல."

"அது… கந்தோருக்குத் தேவல்ல எண்டு நினைச்ச, ராத்தா."

"கந்தோருக்குத் தேவல்ல. எனக்குத் தேவை. மண்டபத்துல அவ்வளவு பேர் சொன்னதும் எனக்குப் பெரிசில்ல. அவங்களுக்குத் தண்ணி எப்படி எண்டு தெரியா. நீ சொன்னாய் பாரு, அண்டைக்குத்தான் என்ட நாக்குலதான் ஏதும் பிழையோ எண்டு நினைச்ச நான். வீட்ட போய் என்ட கிணத்துத் தண்ணியத் திரும்பக் குடிச்சன், தம்பி. ஒரு மாசம் குடிச்சன்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் போன பிறகு மனைவி அந்தக் கிளாஸை எடுக்காமல் நெடுநேரம் அங்கேயே விட்டிருந்தாள்.

அன்று அவர் கேட்டது இது: "தம்பி, நீ அங்கதானே நாள் முழுக்க இரிக்காய். அந்தத் தண்ணியத்தானே குடிக்காய். நீ சொல்லு, எப்படி இரிக்கி?"

என் சைக்கிள் பள்ளி மதிலில் சாத்தியிருந்தது. கேன் அதில் கட்டியபடி, பாதித் தண்ணீரோடு இருந்தது.

நான் சொன்னேன்: "நல்ல தண்ணி, ராத்தா. நானும் அதத்தான் குடிக்கிற."

2024.09.18, புதன்கிழமை.